துப்பாக்கிக்கும் லைன் கிளியர் வேண்டும்

துப்பாக்கியைப் பற்றி நமது சங்க மலரில் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொங்கல் விழாப் படங்களும் குழந்தைகளின் திருக்குறள் போட்டி முடிவுகளும் வரும் பக்கங்களில் இது என்ன வேண்டாத விஷயம் என்று தோன்றலாம். ஆனால் பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை எல்லையோரமாகக் குடியிருக்கும் நம்மவர் வீடுகளை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலைக் காடு, நெல்லியாம்பதியில் காப்பி, மறையூர் காந்தளூரில் கரும்பு, உடும்பன்சோலையில் ஏலம். விவசாயம் உள்ள வீடுகளில் சிலவற்றில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா காலத்தில் எடுத்த லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று பீரோவுக்குள் இருக்கிறது. தாத்தாவுக்கு அதைக் கையாளத் தெரியும். அப்பாவுக்கு அரைகுறையாகத் தெரியும். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பேரனுக்கு எதுவுமே தெரியாது. ஆனால் லைசென்ஸ் அவன் பெயருக்கு மாறிவிடுகிறது!

நான் ரயில்வேயில் நிரந்தரப் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிப்ளமோ படிக்கும்போது என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டுப் பழகியதும், பிறகு ஒரு ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராக இருந்ததும்தான் இதை எழுத எனக்குள்ள தகுதி. வேட்டைக்காரன் அல்லன். சொல்லப்போனால் வீட்டில் கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்கமாட்டேன்.

எழுதத் தூண்டியது என் தங்கை மகன். மறையூர்ப் பக்கம் கரும்பு போட்டிருக்கிறான். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தக் கரும்பின் இனிப்பு மனிதர்களுக்கு முன்னால் காட்டுப்பன்றிக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு கூட்டம் இரவில் இறங்கினால் காலையில் பாத்தி பாத்தியாகப் படுத்துக் கிடக்கும். அவன் அப்பா காலமானபின் ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி அவன் பெயருக்கு மாற வேண்டிய நிலை வந்தது. "மாமா, நீங்கதான் சொல்லித் தரணும்" என்று பாலக்காடு வந்து நின்றான். என் தங்கையோ போனில் அழுதாள். "அண்ணா, அந்தச் சனியனைப் போலீஸ் ஸ்டேஷன்லயே குடுத்துடச் சொல்லு. ஒரு ஏக்கர் கரும்பு போனாப் போகட்டும்" என்றாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

பின்னணியைச் சற்றுச் சொல்ல வேண்டும். 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காடு பக்கம் வெள்ளியாற்றில் ஒரு கர்ப்பிணி யானை நின்றபடியே உயிர்விட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் வெடியை அது கடித்து, வாய் சிதறிப் பல நாள் பட்டினி கிடந்தது. வெடி வைப்பவன் கண்ணுக்கு எதிரே என்ன வந்து கடிக்கிறது என்று தெரியாது. மின்சாரக் கம்பியும் அப்படித்தான். 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவரைக் கொண்டு சுடலாம் என்பது நிபந்தனை. அந்த அதிகாரம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. காட்டுக்குள்ளோ சரணாலய எல்லைக்குள்ளோ இது செல்லாது. சின்னார் சரணாலயம் பக்கத்திலேயே இருப்பதால் மறையூர்க்காரர்களுக்கு இது முக்கியம். விதிகள் அடிக்கடி மாறுவதால் ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே புத்தி.

ஆக, வெடியைவிடத் துப்பாக்கி மேல் என்று அரசே சொல்லிவிட்டது. ஏன் மேல்? துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனிதன் கண் திறந்து நிற்கிறான் என்பதால்தான். அந்த மனிதனுக்குப் பயிற்சி இல்லையென்றால் அந்த ஒரு நன்மையும் போயிற்று.

முதல் நாள் அவன் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டியபோது, "லோடு பண்ணலை மாமா, சும்மாதான் இருக்கு" என்றான். துப்பாக்கி விபத்துச் செய்திகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் குண்டு பாய்ந்திருக்கும்.

நான் அவனுக்கு ரயில்வே பாஷையில் சொன்னேன். ஒற்றைப் பாதையில் நீல் டோக்கன் கருவி என்று ஒன்று உண்டு. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் அதிலிருந்து உருண்டை வெளியே வரும். உருண்டை டிரைவர் கைக்கு வராமல் வண்டி நகராது. "பாதை காலியாகத்தான் இருக்கும், போ" என்று யாரும் வாயால் சொல்லி வண்டியை அனுப்புவதில்லை. காலி என்று நிரூபிக்கப்படும்வரை அது காலி இல்லை. தண்டவாளம் பழுதானால் பிராட்கேஜில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைப்போம். அந்த நேரத்தில் வண்டி வருகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு வைப்பதில்லை. வருகிறது என்றே வைத்துக்கொண்டு வைப்போம். துப்பாக்கியும் அப்படியே. கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே தோட்டா இருக்கிறது என்றே எண்ண வேண்டும். லீவரை ஒதுக்கிக் குழலை மடக்கு. குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா பார். இருட்டில் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார். கொடுப்பவன் பார்த்திருந்தாலும் வாங்குபவன் மறுபடி பார்க்க வேண்டும். இதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது.

இரண்டு நாள் இதைத் தவிர வேறொன்றும் சொல்லித் தரவில்லை. அவன் சலித்துக்கொண்டான். ஐம்பது தடவை எடுத்து, ஐம்பது தடவை மடக்கிப் பார்த்து வைத்தான். ஐம்பத்தோராவது தடவை நான் கேட்காமலே செய்தான். அப்புறம்தான் அடுத்த பாடம்.

அடுத்தது குழலின் வாய். அது எங்கே பார்க்கிறது என்று எந்த நொடியிலும் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். துப்பாக்கி பிடித்தவன் திரும்பும்போது குழலும் சேர்ந்து திரும்பும். பக்கத்தில் நிற்பவனின் வயிற்றை ஒரு தடவை தடவிக்கொண்டு போகும். அவனுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. இதைப் பழக்க ஓர் உபாயம் செய்தேன். மூங்கில் கழி ஒன்றைக் கொடுத்து, "இதன் முனையில் எரிகிற தீப்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள். வீட்டைச் சுற்றி வா, யார் மேலும் சுடக் கூடாது" என்றேன். வாசற்படி, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை எல்லாம் சுற்றி வந்தான். முதல் சுற்றில் என் மனைவியை இரண்டு தடவையும் பசுவை ஒரு தடவையும் 'எரித்தான்'. மாலைக்குள் தேறிவிட்டான்.

மலைத் தோட்டத்தில் நடப்பது சமதளத்தில் நடப்பது போல் அல்ல. வரப்பு வழுக்கும், கல் உருளும். வேலி தாண்டுமுன், ஓடை கடக்குமுன், ஜீப்பில் ஏறுமுன், பரணில் ஏறுமுன் குழலை மடக்கித் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பரணுக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஏறாமல், ஏறி உட்கார்ந்தபின் காலித் துப்பாக்கியைக் கயிற்றில் வாங்கிக்கொள்வது நல்லது.

விரலைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு கை திடீரென்று எதையாவது இறுக்கிப் பிடித்தால் மறு கையும் தானாக இறுகும், திடுக்கிட்டாலும் இறுகும். இடது கால் வழுக்கி இடது கை கரும்புத் தட்டையைப் பிடிக்கும்போது வலது கை விரல் ட்ரிகரில் இருந்தால் என்ன ஆகும்? ட்ரிகரை இழுக்கச் சுமார் இரண்டு கிலோ விசை போதும். பயந்த மனிதனின் கைக்கு இரண்டு கிலோ ஒரு பொருட்டே அல்ல. ஆகவே குறி பார்த்து, சுடுவதென்று முடிவு செய்யும்வரை விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, நீட்டியபடி இருக்க வேண்டும். சேஃப்டி கேட்ச் இருக்கிறதே என்பார்கள். அது ஒரு சின்ன இரும்புத் துண்டு, தேயும், துருப்பிடிக்கும். நாற்பது வருஷம் இரும்போடு பழகியவன் சொல்கிறேன்.

இனிக் கொஞ்சம் கணக்கு. டிப்ளமோக்காரனுக்கு இது இல்லாமல் தூக்கம் வராது. '12 போர்' என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக அடங்குமோ அது 12 போர். ஒரு பவுண்டு 453.6 கிராம், பன்னிரண்டில் ஒன்று 37.8 கிராம், ஈயத்தின் அடர்த்தி 11.34. கணக்குப் போட்டால் விட்டம் 18.5 மில்லிமீட்டர் வருகிறது. வீட்டுப் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதனால்தான் 20 போர் குழல் 12 போரைவிடச் சிறியது. பழைய வீடுகளில் இரண்டு அளவுத் தோட்டாவும் ஒரே டப்பாவில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இது சாதாரண விஷயமல்ல. 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கி உள்ளே போய் முன்பக்கம் சிக்கிக்கொள்ளும். வெறும் குழல் என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடது கை போகும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான். என் மைத்துனர் வைத்திருந்த டப்பாவில் மலைக் குளிரிலும் ஈரத்திலும் ஊறிப் பித்தளை பச்சை பூத்த தோட்டாக்கள் சில இருந்தன. அவற்றைப் புதைப்பதோ அடுப்பில் போடுவதோ ஆபத்து. லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படைப்பதே முறை.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஜூர்னே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி கண்டுசொன்ன சூத்திரம் ஒன்று உண்டு. ஈயக் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200-ஆல் பெருக்கினால், அது அதிகபட்சம் எத்தனை கெஜம் போகும் என்று உத்தேசமாக வரும். பன்றிக்குப் பயன்படும் எஸ்.ஜி. குண்டின் விட்டம் சுமார் 0.33 அங்குலம். பெருக்கினால் 726 கெஜம், ஏறக்குறைய 660 மீட்டர். நம்பிச் சுடக்கூடிய தூரம் 35 மீட்டர். ஆபத்து 660 மீட்டர். .22 ரைஃபிள் தோட்டாவோ, பார்க்க விரல் நகம் அகலம்கூட இல்லை, ஒன்றரை மைல் போகும் என்று டப்பாவிலேயே எச்சரித்து அச்சடித்திருப்பார்கள். குறி தவறிய குண்டு காற்றில் கரைந்துவிடுவதில்லை. எங்கோ ஒரு கூரையில், ஒரு மரத்தில், ஒரு மனிதன் மேல் போய் நிற்கிறது. ஆகையால் பன்றியைப் பார்ப்பது பாதி வேலை. பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. பின்னால் மண்மேடு இருந்தால் உத்தமம். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணில் இறங்கும். மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் பன்றியைச் சுடவே கூடாது. அசையும் புதரையும் இரண்டு கண் பளபளப்பையும் பார்த்துச் சுடுவதும் கூடாது. மலையில் வேட்டைக்குப் போன கூட்டாளியையே மிருகம் என்று சுட்ட செய்திகளை அவ்வப்போது பத்திரிகையில் பார்க்கிறோமே, அவை எல்லாம் இந்த ரகம்.

இவ்வளவும் ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் சொல்லித் தந்தவை. சுடுவதற்கு அவனை ரைஃபிள் கிளப்புக்கு அழைத்துப் போனேன். சொந்தத் தோட்டம்தானே என்று தேங்காயை வைத்துச் சுட்டுப் பழகும் வழக்கம் சிலரிடம் உண்டு, அது வேண்டாம். கிளப்பில் பின்னால் மண்கரை இருக்கும். கட்டளை கொடுக்க ஓர் அதிகாரி இருப்பார். அவர் சொல்லாமல் யாரும் ஆயுதத்தைத் தொட முடியாது. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்புக் கட்டாயம். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலுக்கு மேல் போகும். காதில் நரம்பு ஒரு தடவை போனால் போனதுதான்.

முதலில் கொடுத்தது ஏர் ரைஃபிள். அவனுக்கு ஏமாற்றம். "இது சின்னப் பையங்க விளையாடறது மாமா" என்றான். பத்து மீட்டர் தூரத்தில் வைக்கும் அந்த இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் என்றதும் வாயை மூடிக்கொண்டான். அதிர்ச்சியோ பெருஞ்சத்தமோ இல்லாததால் புதியவர் கண்ணை மூடாமல், தோளை வெட்டாமல், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ட்ரிகரை மெதுவாக நேர் பின்னால் அழுத்தக் கற்பது இதில்தான். முதலிலேயே 12 போரைக் கொடுத்துத் தோளில் ஓர் இடி வாங்கினால், அடுத்த நூறு தடவையும் சத்தம் வருமுன்பே கண் மூடிக்கொள்ளும். இதை மாற்றுவது கஷ்டம்.

பெற்றோர்கள் சிலர் கேட்பதால் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இளவேனில் வளறிவான் கடலூரில் பிறந்து, நம்மைப்போலவே வெளிமாநிலம் போன குடும்பத்தில், குஜராத்தில் வளர்ந்த பெண். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் இந்த ஏர் ரைஃபிளில்தான் தங்கம் வாங்கினார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் கலந்துகொண்டார். 2024 பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே எங்கள் ரயில்வேக்காரர், மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். (இதைச் சொல்லாமல் விட்டால் பழைய சகாக்கள் என்னை விடமாட்டார்கள்.) துப்பாக்கி லைசென்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும் என்றாலும், 12 வயது முடிந்த பிள்ளைகள் கிளப்பில் மேற்பார்வையுடன் பயிற்சி பெற விதிகள் இடம் தருகின்றன. திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய நல்ல ரேஞ்ச் இருக்கிறது. பள்ளி, கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் அது இன்னும் சுலபமான வாசல்.

பறவைக்குருவி மேல் ஏர்கன்னைத் திருப்பும் பையன்களுக்கு மட்டும் நான் சாலிம் அலி கதையைச் சொல்வேன். சிறு வயதில் விளையாட்டு ஏர்கன்னால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு, அதன் கழுத்தில் மஞ்சள் இருப்பதைப் பார்த்து, என்ன பறவை என்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் கேட்கப் போனவர் அவர். பிறகு வாழ்நாள் முழுவதும் பறவைகளுக்காகவே உழைத்து, 1933-இல் நம் மலைகளுக்கும் கணக்கெடுக்க வந்தார். இப்போது குருவியைச் சுட்டால் யாரும் சங்கத்துக்கு அனுப்பமாட்டார்கள், வனத்துறைதான் வரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றிதழும், பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழியும் தர வேண்டும். 2019 திருத்தத்துக்குப்பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். கல்யாணம், திருவிழா என்று வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்கி வையுங்கள்.

பயிற்சிச் சான்றிதழ் என்பது சில இடங்களில் வெறும் காகிதமாகப் போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஐந்து தோட்டா சுடவைத்துக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பயிற்சி என்று பெயரா? கேங்மேனாகச் சேர்ந்தவனைக்கூட ஒரு நாளில் தனியாகத் தண்டவாளத்துக்கு அனுப்பமாட்டோம். நான் அவனைப் பதினொரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் வைப்பது பற்றித் தங்கைக்குத்தான் விளக்கினேன். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடு. துப்பாக்கி சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில். தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில். இரண்டு சாவியும் ஒரே கொத்தில் கூடாது. பையன்களிடம் மறைத்து வைப்பதை நம்பக் கூடாது. பலகாரம் வைத்த இடம் தெரியாத குழந்தை உண்டா? பெரியவர்கள் இல்லாதபோது துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அங்கிருந்து போ, பெரியவரிடம் சொல் என்று மூன்று வயதிலிருந்தே சொல்லிப் பழக்க வேண்டும்.

பஞ்சாயத்து உத்தரவு வந்து முதல் இரவு அவன் பரணில் உட்கார்ந்தபோது நானும் கூட இருந்தேன். அப்பன் வயதுக்கு எனக்கு அந்தக் குளிர் தேவையா என்று என் மனைவி கேட்டது வேறு விஷயம். இரண்டு மணி சுமாருக்குப் பன்றி வந்தது. முப்பது மீட்டர் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டாக அசையாமல் நின்றது. அவன் குறி பார்த்தான். விரல் வெளியிலேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துக் குழலைத் தாழ்த்தி மடக்கித் தோட்டாவை எடுத்துவிட்டான். பன்றி இரண்டு கரும்பை முறித்துத் தின்றுவிட்டுச் சாவகாசமாக நடந்து போயிற்று.

"ஏண்டா?" என்று கேட்டேன்.

"அதுக்கு நேர் பின்னாடி ஆலைக் கொட்டகை மாமா. சாயங்காலம் பாத்தப்ப விளக்கு இருந்துச்சு. இப்ப அணைச்சிட்டாங்க. உடுமலையிலிருந்து வந்த ஆளுங்க நாலு பேரு உள்ள படுத்திருக்காங்க."

மறுநாள் பரணை வரப்பின் மேற்குப் பக்கத்துக்கு, கீழே மண்சரிவு பார்த்தபடி மாற்றிக் கட்டினோம். கொட்டகையில் படுப்பவர்களிடம் எந்த இரவில் உட்காரப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம். ஒன்பது நாள் கழித்து ஒரு பன்றி விழுந்தது. வனத்துறைக்குத் தகவல் சொல்லி, பஞ்சாயத்து ஆட்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு, குழி வெட்டிப் புதைத்தார்கள். கறி கேட்டு வந்த இரண்டு பேர் ஏமாற்றத்துடன் திரும்பினார்கள். அன்று காலை அவன் செலவான ஒரு தோட்டாவைக் கணக்கு நோட்டில் எழுதி, குழலைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பூட்டிவிட்டு, தோட்டா அறைச் சாவியை என் தங்கையிடம் கொடுத்தான். அது அவள் தாலிச் சரட்டில் கோத்த ஊக்கில் தொங்குகிறது. அவளைக் கேட்காமல் அவனால் ஒரு தோட்டாகூட எடுக்க முடியாது.